சின்ன இதயம், சில நிமிடச் சோதனை

(குழந்தைகள் இதய அறுவை நிபுணர் ஒருவரின் பணி நிறைவுப் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அருமையான வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே, இந்த விழாவுக்காக ஓடி ஓடி உழைத்த செயலாளர், பொருளாளர் அவர்களே, விழா நாயகர் டாக்டர் அவர்களே, முன்வரிசையில் மார்பில் தழும்போடும் முகத்தில் சிரிப்போடும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம். முதல்வர் அவர்கள் டாக்டரின் குணநலன்களை எல்லாம் சொல்லிவிட்டதால், நான் அவருடைய தொழிலைப் பற்றிப் பேசுகிறேன்.

மூன்று செய்திகள். இந்தத் தொழிலுக்கு ஒருவர் எப்படித் தயாராகிறார் என்பது ஒன்று. அந்தக் கைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டு. அந்தக் கைக்குப் பின்னால் நிற்கும் குழு மூன்று. நான் எங்கே பேசினாலும் சொல்லும் பழமொழியை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: வெள்ளம் வருமுன் அணை போடு.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவப் பட்டம், அதன்மேல் அறுவை சிகிச்சைப் பயிற்சி, அதன்மேல் இதய அறுவை, அதற்கும் மேல் குழந்தைகள் இதயத்துக்கென்று தனிப் பயிற்சி. தன் பொறுப்பில் முதல் பச்சிளம் குழந்தையின் நெஞ்சைத் திறக்கும்போது பெரும்பாலோருக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். கூடப் படித்தவர்கள் அதற்குள் வாழ்க்கையில் எங்கேயோ போயிருப்பார்கள்.

இனி அந்தக் கை. பிறந்த குழந்தையின் இதயம் அதன் மூடிய கைப்பிடி அளவுதான். மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே கால் லிட்டர். ஆகவே சிந்தும் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் அங்கே கணக்கு உண்டு. உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியும் நுரையீரலுக்குக் கொண்டுபோகும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1975-இல் பிரேசில் நாட்டு அறுவை நிபுணர் அடிப் ஜாட்டினி அந்த இரண்டையும் வெட்டி மாற்றித் தைத்துக் காட்டினார். குழாய்களை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அவற்றைப் பெருந்தமனிச் சுவரின் ஒரு வட்டத் துண்டோடு வெட்டி எடுத்து, புதிய இடத்தில் பதிக்க வேண்டும். கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும், கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் தசைக்கு ரத்தம் போகாது. தலைமுடியைவிட மெல்லிய நூல், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி, நிறுத்தி வைக்கப்பட்ட இதயம், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். இத்தனைக்கும் நடுவே நிதானமாக நிற்பதைத்தான் நம் விழா நாயகர் வாழ்நாள் தொழிலாகச் செய்திருக்கிறார்.

இங்கே ஒரு கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். செவித்திறன் குறைந்தவர். குழந்தையின் நெஞ்சில் கையை வைத்தே இதயத்தின் ஓசையை உணரப் பழகிக்கொண்டவர். நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல் உதடும் நகமும் நீலம் பாய்ந்த குழந்தைகள் அவரிடம் வருவார்கள். அவர் ஒன்றைக் கவனித்தார். கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் உண்டு, டக்டஸ் என்பார்கள். பிறந்தபின் அது தானாக மூடிக்கொள்ளும். அது திறந்தே இருக்கும் நீலக் குழந்தைகள் ஓரளவு தேறினார்கள். மூடிக்கொண்டதும் நிலை மோசமானது. அப்படியானால் செயற்கையாக ஒரு குழாய் வழி அமைத்தால் என்ன? இந்தக் கேள்வியோடு அறுவை நிபுணர் ஆல்பிரட் ப்ளாலாக்கிடம் போனார்.

ப்ளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர் இருந்தார். தச்சு வேலை பழகியவர். மருத்துவம் படிக்க வேண்டும் என்று சேர்த்த பணம் வங்கி திவாலானதில் போயிற்று. மருத்துவம் படிக்கவே முடியாமல் போன அந்த மனிதர்தான் நாய்களில் இந்த அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்து முறையை வகுத்தார், ஊசிகளையும் கருவிகளையும் அதற்கேற்பச் செய்துகொடுத்தார். 1944 நவம்பர் 29. பதினைந்து மாதக் குழந்தை ஐலீன் மேஜையில் கிடக்கிறாள். ப்ளாலாக் கத்தியை எடுக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நிற்கிறார் தாமஸ். தையலை எந்தப் பக்கமாகப் போடுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்று உலகப் புகழ் பெற்ற மருத்துவருக்கு எடுத்துச் சொல்கிறார். கைக்குப் போகும் தமனி நுரையீரல் தமனியோடு இணைக்கப்படுகிறது. குழந்தை பிழைத்தாள், சில மாதங்கள் நன்றாக இருந்தாள். பிறகு மறுபடி நீலம் பாய்ந்து இறந்துபோனாள். ஆனால் அவள் காட்டிய வழியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள். தாமஸுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976-இல்தான். (கைதட்டல்) இந்தக் கைதட்டல் அவருக்குச் சேரட்டும்.

இப்போது அந்த டக்டஸுக்கு வருகிறேன். நான் இந்த மேடைக்கு வந்ததே அதற்காகத்தான்.

நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று இதயத்தில் ஏதோ ஒரு குறையோடு பிறக்கிறது. அதில் கடுமையான வகைகள் சிலவற்றில் குழந்தையின் உயிரே அந்தச் சிறு குழாயை நம்பி இருக்கிறது. குழந்தை அழகாக இருக்கும், பால் குடிக்கும், ஸ்டெதாஸ்கோப்பில் குறையைக் காட்டும் முணுமுணுப்பு ஓசைகூடக் கேட்காமல் போகலாம். தாயும் சேயும் நலம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனபின் குழாய் மூடும். மூச்சு வாங்கி, கறுத்துப்போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போது சிறுநீரகமும் மூளையும் அடிவாங்கியிருக்கும். எந்தப் பெரிய கையும் அந்த நேரத்தில் பாதிக் கைதான். தமனி மாற்று அறுவையைப் பிறந்த சில வாரங்களுக்குள் செய்தாக வேண்டும். தாமதித்தால் இதயத்தின் இடது கீழறை வலு இழந்துவிடும். வெள்ளம் வருமுன் அணை போடு என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

அணை எது? ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று தோலின் மேலிருந்தே அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகியின் கண்டுபிடிப்பு. பிறந்து இருபத்துநான்கு மணி நேரம் ஆனபின், குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் அதை ஒட்டிப் பார்க்க வேண்டும். ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிட வேலை. ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் குறையாமல், கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. இடைப்பட்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். 90-க்குக் கீழே என்றால் காத்திருக்கவே கூடாது. காரணம் இதயம் என்று தெரிந்தால் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்து, டக்டஸைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றி, அறுவை நிபுணரிடம் பத்திரமாகச் சேர்க்கலாம். எல்லாக் குறைகளையும் இது காட்டிவிடாது. பெருந்தமனிச் சுருக்கம் சில நேரம் தப்பிவிடும். அதனால் காலில் நாடி பார்ப்பதை யாரும் விட்டுவிட வேண்டாம். 2011-இலேயே அமெரிக்கா இந்தச் சோதனையைப் பச்சிளம் குழந்தைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. இன்னும் எத்தனையோ பிரசவ வார்டுகளில் கருவி அலமாரியில் இருக்கிறது, குழந்தையின் காலுக்கு வருவதில்லை. எனக்கு ஆறாத வேதனை இது.

மூன்றாவது செய்தியாகக் குழுவைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். மயக்க மருத்துவர், இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர், இரவெல்லாம் விழித்திருக்கும் தீவிர சிகிச்சைச் செவிலியர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் உரை வேண்டும். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதால் அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் படிவத்தில் குழந்தையின் எடைக்குக் கீழே இரண்டு கட்டங்கள் சேர்க்க வேண்டும்: வலது கை, கால். அந்த இரண்டு எண்ணும் நிரம்பாமல் எந்தக் குழந்தையும் வீட்டுக்குப் போகக் கூடாது. இதற்கான மனு வாசல் மேஜையில் இருக்கிறது. தலைவர் அவர்களும் முதல்வர் அவர்களும் முதலில் கையெழுத்திட இசைந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. பெற்றோர்கள் போகும்போது மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். அடுத்து ஏற்புரை வழங்க டாக்டர் அவர்களை அன்போடு அழைக்கிறேன்.