அடுக்களையில் இரண்டு சட்டி

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவ மாணவியரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

காதலைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். குடும்ப ஆலோசனைக்கு வருகிற இளம் தம்பதிகளிடம், முதல் மனத்தாங்கல் எதில் ஆரம்பித்தது என்று கேட்பேன். பணம், செல்போன், மாமியார் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் பலர் அடுக்களையில் போய் நிற்பார்கள். இரண்டு வருஷம், மூன்று வருஷம் காதலித்தவர்கள்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஜங்ஷன் பக்கம் பரோட்டா கடையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோது எல்லாம் ஒத்துப்போனது. கடையில் சமைத்தவரும் வேறு, சட்டி கழுவியவரும் வேறு.

நம்ம திருநெல்வேலிச் சீமையையே பாருங்கள். டவுனில் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து என்றால் சொதிதான். மாப்பிள்ளை சொதி என்றே பேர். காய்களை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, பாசிப்பருப்பு சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதி வருமுன் இறக்கி, எலுமிச்சை பிழிவார்கள். கொதித்துவிட்டால் திரிந்துவிடும். கூடவே இஞ்சித் துவையல். அங்கிருந்து பஸ் ஏறி உவரியிலோ இடிந்தகரையிலோ இறங்கினால் சாளையும் நெத்திலியும் இல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. இந்தப் பக்கம் மேலப்பாளையத்தில் பிரியாணி மணக்கும். அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகள் உண்டு. எல்லாரும் குடிப்பது ஒரே தாமிரபரணித் தண்ணீர். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுப் பிள்ளையை விரும்பினால், இத்தனை தூரத்தையும் ஒரே அடுக்களைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் எல்லாரும் அசைவம்தானே, இதில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். 2014-இல் மத்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், இங்கே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று வந்தது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோழி எடுக்கிற வீட்டிலேயே கருவாட்டை உள்ளே விட மாட்டார்கள். ஆட்டுக்கறி தின்கிற வீட்டில் மாட்டுக்கறி என்றால் முகம் மாறும். அசைவம் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ வேலிகள் இருக்கின்றன.

நாக்கு ஆளுக்கு ஆள் மாறுவதை யாரும் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் பி.டி.சி. என்ற பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பின்னால் உறுதியானது. அப்புறம் 2001-இல் ஜூலி மெனெல்லா என்ற ஆய்வாளரின் குழு ஒரு விஷயத்தைக் காட்டியது. கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் தாய் கேரட் சாறு குடித்திருந்தால், பிறந்த குழந்தை திட உணவு தொடங்கும்போது கேரட் கலந்த கூழை அவ்வளவாக முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. சாப்பாட்டு ருசி அம்மாவின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் ஒருவர் ஆசையாகத் தின்பதைப் பார்த்து 'சே, என்ன நாத்தம்' என்று சொன்னால் அது குழம்போடு நிற்பதில்லை. அவர் அம்மா மேல் விழுகிறது, ஊர் மேல் விழுகிறது. எனக்கு மீன் பிடிக்காது என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. 'இதையெல்லாம் மனுஷன் தின்பானா' என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் பார்த்தவரை, பிடிக்காமல் போனதால் யாரும் பிரியவில்லை. இளக்காரமாகப் பேசியதால் பிரிந்திருக்கிறார்கள்.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெண் கடற்கரை ஊர், பையன் டவுனில் சைவ வீடு. ஒரே இடத்தில் வேலை, காதல், பெரிய சண்டையில்லாமல் கல்யாணம். பையன் வீட்டு மாடியில் குடித்தனம். பெண்ணின் அம்மா ஊரிலிருந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டார். மாமியார் திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார்.

அந்தப் பெண் மறுநாளே பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய் கூட வேலை பார்க்கிறவள் வீட்டில் வைத்துவிட்டாள். மதியம் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, கை மணம் போகத் தேய்த்துக் கழுவி வருவாள். அம்மா போனில், "கருவாடு தீந்துட்டா ஏளா? அடுத்த வாரம் கொடுத்துவிடுதேன்" என்று கேட்கும்போதெல்லாம், "இருக்கும்மா, இருக்கு" என்பாள். புருஷனுக்குச் சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டிருக்கிறான். "சொன்னா என்ன செய்வீய?" என்றாள்.

அந்தக் கேள்வி அவனை உலுக்கிவிட்டது. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட மூலையில் ஓர் அடுப்பு வைத்தான். தனியாக ஒரு மண்சட்டி, தனி அகப்பை. மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று அவளிடமே கற்றுக்கொண்டு, அவனே கழுவ ஆரம்பித்தான். மீன் வாடைக்குக் காரணமான டிரைமீத்தைலமின் என்ற வேதிப்பொருள் காரத்தன்மை உள்ளது. புளியிலோ எலுமிச்சையிலோ உள்ள அமிலம் அதைப் பிடித்து உப்பாக்கிவிடும், அப்புறம் காற்றில் பரவாது. நம் கடற்கரைப் பெண்கள் மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதிலும் இந்த விஷயம்தான் இருக்கிறது. அவன் இன்றுவரை ஒரு துண்டு மீன் தின்றதில்லை. அவளும் தின்னச் சொன்னதில்லை. அவன் மீன் சாப்பிடப் பழகியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு மரியாதை வந்திருக்காது.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. சைவமாக வளர்ந்த பெண் அசைவ வீட்டுக்கு வருவாள். 'ஒரு துண்டு தின்னு பாரு, பழகிரும்' என்று தினமும் நச்சரிப்பார்கள். ஒரு வீட்டில் கோழி வேகவைத்த தண்ணீரைச் சாம்பாரில் ஊற்றிக் கொடுத்து, அவள் சாப்பிட்ட பிறகு கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள். அது துரோகம். அவள் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரைக்கூட நம்பிக் குடிக்க முடியாது.

காரம் கூட, காரம் கம்மி, சோறா சப்பாத்தியா, கருப்பட்டிக் காப்பியா சீனிக் காப்பியா என்பதற்கெல்லாம் நான் ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு தம்ளர், தீர்ந்தது.

ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. 'சாப்பாடு ஒத்துவராதும்மா' என்று பெற்றவர்கள் சொல்லும்போது, பல நேரம் அவர்கள் சொல்லவருவது சாதி. நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டு மீனையும் கறியையும் முன்னே நிறுத்துகிறார்கள். சாதி தாண்டிக் காதலித்ததற்காகக் கொலை நடந்த மண் இது. அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகும் இதைப் பழக்கவழக்கம் என்று சொல்லி மூடுவதை நான் ஏற்க மாட்டேன். நிஜமாகவே சாப்பாடுதான் பிரச்சினை என்றால் ஓர் அடுப்பு, ஒரு சட்டி, நாலு நல்ல வார்த்தை போதும். அடுப்பு வாங்கித் தந்த பிறகும் பிரச்சினை தீரவில்லை என்றால் என்ன பிரச்சினை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிள்ளை பிறந்த பிறகு இது திரும்ப எழும்பும். பிள்ளைக்கு முட்டை கொடுக்கலாமா, யார் வீட்டு வழக்கம் என்று இரண்டு பக்கத்துத் தாத்தா ஆச்சியும் வரிந்துகட்டுவார்கள். நம்ம சத்துணவுக் கூடத்தைப் பாருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆயாம்மா யாரையும் கேலி செய்வதில்லை. நூறு பிள்ளைக்கு முடிகிறது, ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஏன் முடியாது?

இங்கே ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'எனக்காக மீனையே விட்டுவிடுகிறேன் என்று என் நண்பர் சொல்கிறார், நம்பலாமா?' அவர் மனசாரத்தான் சொல்லியிருப்பார் அம்மா. ஆனாலும் அந்த வாக்குறுதியை வாங்கிக்கொள்ளாதே. அவர் அம்மா வீட்டுக்குப் போகும்போது தட்டைப் பார்த்து ஏங்குவார், உனக்குத் தெரியாமல் சாப்பிடுவார், ஒருநாள் கோபத்தில் அதைச் சொல்லிக்காட்டவும் செய்வார். அதற்குப் பதிலாக வேறு மூன்று விஷயம் கேட்டு முடிவுபண்ணு. மீன் வீட்டுக்குள் சமைக்கலாமா, வெளியிலா? சட்டியை யார் கழுவுவது? ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு அவருக்கு? இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசு. பேசும்போது அவர் அம்மாவையும் உன் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்.