ஈ85 பங்க்ல எழுதியிருக்கிற 85ஐ நம்பி பூஸ்ட் ஏத்தாதீங்க!

வணக்கம் மக்களே! சிகாகோ பக்கத்துல இருந்து பேசுறேன். வெளிய பனி கொட்டுது, அதனால இன்னைக்கு வீடியோ கராஜுக்குள்ளயேதான். பின்னாடி நிக்கிறது நம்ம சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. 2.5 லிட்டர் டர்போ. ஓடுறது ஈ85ல, அதாவது எத்தனாலும் பெட்ரோலும் கலந்த எரிபொருள்ல.

ஈ85 போட்டா பவர் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏறும், உண்மைதான். ஆனா எத்தனால்ல சக்தி அதிகம்னு நினைச்சுக்காதீங்க. ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலை விட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. அப்புறம் பவர் எங்கிருந்து வருது? எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலை மாதிரி ரெண்டரை மடங்கு வெப்பத்தை இழுத்துக்கும். உள்ள போற காத்து நல்லா குளிர்ந்துடும். ஆக்டேனும் அதிகம், அதாவது தானா வெடிக்காம தாங்குற திறன். டர்போ இன்ஜின்ல நம்ம கையைக் கட்டிப் போடுறதே நாக்கிங்தான், அதாவது எரிபொருள் கலவை தாறுமாறா தானே வெடிக்கிறது. அது தள்ளிப் போச்சுன்னா இன்ஜின் செட்டிங்கை மாத்துற ட்யூனர் இக்னிஷன் டைமிங்கை அட்வான்ஸ் பண்ணலாம், அதாவது தீப்பொறியை இன்னும் முன்னாடியே கொடுக்கலாம்; பூஸ்ட்டை, அதாவது டர்போ உள்ள தள்ளுற காத்தழுத்தத்தை, ஏத்தலாம். பவர் அதுலதான் இருக்கு.

கம்பெனிக்காரங்களே காட்டிட்டாங்க. 2023ல வந்த டாட்ஜ் டீமன் 170, 10 சதவீதம் எத்தனால் கலந்த ஈ10ல 900 குதிரைத்திறன், ஈ85ல 1025. அதே இன்ஜின்தான்!

அதனால ட்யூன் பண்ணாம சும்மா டேங்க்ல ஊத்தினா ஒண்ணும் கிடைக்காது. அதுக்கு மேல ஆபத்தும் இருக்கு. அதே காத்துக்கு ஈ85 முப்பதுல இருந்து நாப்பது சதவீதம் கூடுதலா வேணும். பழைய இன்ஜெக்டரும் பம்ப்பும் அவ்வளவு தராது, இன்ஜின் லீனா ஓடும், அதாவது காத்துக்கு ஏத்த எரிபொருள் கிடைக்காது. என் வண்டியில இருக்கிற இந்த இஜே இன்ஜின்ல பிஸ்டன் ரிங்லேண்ட், அதாவது பிஸ்டன்ல ரிங்குகளுக்கு நடுவுல இருக்கிற விளிம்பு, எவ்வளவு சுலபமா உடையும்னு சுபாரு வச்சிருக்கிறவங்களைக் கேட்டாலே தெரியும். பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், எத்தனாலைத் தாங்குற ஹோஸ் இதெல்லாம் முதல்ல மாத்துங்க. ட்யூன் அப்புறம்தான்.

சரி, இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பங்க்ல ஈ85ன்னு எழுதியிருந்தா உள்ள 85 சதவீதம் எத்தனால் இருக்கும்னு அர்த்தம் இல்ல. அமெரிக்காவுல 51ல இருந்து 83 வரைக்கும் எது இருந்தாலும் அதை ஈ85ன்னு விக்கலாம். எத்தனால் குளிர்ல சரியா ஆவியாகாது, இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். அதனால பனிக்காலத்துல பெட்ரோலை அதிகமா கலந்துடுவாங்க. ஜூலைல போட்ட ட்யூனோட ஜனவரில ஃபுல் த்ராட்டில் கொடுத்தீங்கன்னா, டைமிங் இருக்கும், அதைத் தாங்குற எத்தனால் இருக்காது.

இப்போ டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன். இந்த அளவுக் குழாய்ல 50 மில்லி தண்ணி. மேல 50 மில்லி ஈ85, இன்னைக்கு காலையில பிடிச்சது. மூடி, நல்லா குலுக்கி, வச்சிடறேன். எத்தனால் தண்ணியோட சேர்ந்து கீழ இறங்கிடும், பெட்ரோல் மட்டும் மேல மிதக்கும். கோடு தெரியுதா? 84ல நிக்குது. 34 மில்லி கீழ வந்திருக்கு, அப்போ 68 சதவீதம். எத்தனாலும் தண்ணியும் கலந்தா மொத்த அளவு கொஞ்சம் சுருங்கும், அதனால இந்தக் கணக்கு எப்பவும் கொஞ்சம் குறைச்சுதான் காட்டும்.

இப்போ வண்டியில எத்தனால் அளவைப் பார்க்குற ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சாரைப் பாருங்க. 121 ஹெர்ட்ஸ். அதுல 50 கழிச்சா எத்தனால் சதவீதம், 71. சென்சார் இதை இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்லும், ஈசியூ அதுக்கேத்த மாதிரி பூஸ்ட், டைமிங், ஃப்யூயல் மூணையும் மாத்திக்கும். ஈ85க்குப் போற யாருக்கும் நான் சொல்றது இதுதான்: கேம், எக்ஸாஸ்ட் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம், முதல் காசு இந்த சென்சாருக்குப் போகட்டும்.

மைலேஜ் குறையும், அதை ஏத்துக்கிட்டுதான் வரணும். பக்கத்துல கடைக்குப் போயிட்டு வர்ற ஓட்டம்தான் அதிகம்னா ஆயிலை சீக்கிரமே மாத்துங்க, இன்ஜின் சூடாகுறதுக்குள்ள எத்தனால் ஆயில்ல கலந்துடும். மாசக்கணக்குல வண்டி நிக்கப் போகுதுன்னா டேங்க்ல ஈ85ஐ விட்டு வைக்காதீங்க, அது ஈரத்தை இழுக்கும். சாதா பெட்ரோல் நிரப்பி, லைன் முழுக்க மாறுற வரைக்கும் ஓட்டிட்டு நிறுத்துங்க.

பனி நின்னதும் பவரை அளக்குற டைனோ மெஷின்ல ஏத்தி, 93 ஆக்டேன்ல ஒரு ரன், ஈ85ல ஒரு ரன் எடுத்து ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல காட்டுறேன்.