பழைய காரும் அதற்குரிய புத்தகமும்

நேயர்களுக்கு வணக்கம்.

இராமநாதபுரம் கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் ஏர்வாடியிலும், வாசலில் நிறுத்திய வண்டியின் கதவடி ஓரம் பொரிந்து உதிர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தக் காற்றில் நின்று களைத்த பழைய கார்களை மீண்டும் ஓட வைக்கும் வேலையில் நான் முப்பது ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். துரு பெரிய பகைதான். ஆனாலும் அதைக் கண்ணால் பார்க்கலாம், திருப்புளியால் குத்திப் பார்க்கலாம். தவறான புத்தகத்தை நம்பிச் செய்த வேலையின் கேடோ, இன்ஜினைப் பூட்டி முடித்த பிறகுதான் தெரிய வரும். ஆகவே இன்று புத்தகத்தைப் பற்றியே பேசுகிறேன்.

ஒரு காருக்கு முக்கியமாக மூன்று வகைப் புத்தகங்கள் உண்டு. வண்டி வாங்கியவர் கையில் கொடுக்கப்படும் சிறிய கையேடு ஒன்று. பட்டறைக்காரருக்காகக் கம்பெனியே அச்சிடும் ஒர்க்‌ஷாப் மேனுவல் இன்னொன்று. ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் படமும் எண்ணும் தரும் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக் மூன்றாவது. இவை தவிர, வெளிப் பதிப்பகங்கள் போட்ட புத்தகங்களும் இருக்கின்றன. 1960-களில் தொடங்கிய ஹேன்ஸ் வரிசையை நேயர்களில் சிலர் பார்த்திருக்கலாம். வண்டியைக் கழற்றிப் பூட்டிப் பார்த்து எழுதப்பட்ட நல்ல புத்தகங்கள் அவை. ஆனால் எந்த வகையானாலும், நம் முன்னால் நிற்கும் வண்டிக்காக எழுதப்பட்டதுதானா என்று உறுதி செய்யாத வரையில் அது வெறும் காகிதம் என்பதே என் அனுபவம்.

அந்த அனுபவம் எனக்குக் கிடைத்த இடம் கீழக்கரை.

பல ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் நின்றிருந்த மாரிஸ் மைனர் காரைச் சரிசெய்ய என்னை அழைத்தார்கள். இன்ஜின் இறுகிப் போயிருந்தது. என்னிடம் அப்போது மேனுவல் இல்லாததால், நகரத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் சொல்லிவைத்து ஒரு ஜெராக்ஸ் பிரதியை வரவழைத்தேன். அட்டையில் மாரிஸ் மைனர் என்று தெளிவாக இருந்தது. முதல் சில பக்கங்கள் இல்லை. முன்னுரைதானே போயிற்று, அளவுகள் இருக்கின்றன அல்லவா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, அதில் கண்ட போர் அளவான, அதாவது சிலிண்டரின் உள்விட்டமான, 64.58 மில்லிமீட்டருக்கு பிஸ்டன் ரிங் சொல்லி அனுப்பினேன். ரிங் வந்தது. சிலிண்டருக்குள் நுழையவே இல்லை. வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தால் 58 மில்லிமீட்டர் காட்டியது.

நடந்தது இதுதான். மாரிஸ் மைனர் என்ற ஒரே பெயரில் 1948 முதல் 1971 வரை வண்டி வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு நான்கு இன்ஜின்கள் மாறின: முதலில் 918 சி.சி., 1952-இல் 803 சி.சி., 1956-இல் 948 சி.சி., 1962-இல் 1098 சி.சி. என்னிடம் இருந்தது கடைசி இன்ஜினுக்கான புத்தகம், வண்டியிலிருந்ததோ 803. எந்த இன்ஜினுக்கான புத்தகம் என்று சொல்லியிருக்க வேண்டிய பக்கங்கள்தாம் அந்தப் பிரதியில் விடுபட்டிருந்தன. அதைவிட வருத்தமான செய்தி, வண்டியே எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றது என்பது. அதன் முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்த இரண்டு துண்டுக் கண்ணாடி. அந்த அமைப்பு 1956-உடன் போய்விட்டது. இன்ஜின் பிளாக்கில் அறைந்திருந்த சிறு தகட்டை மண்ணெண்ணெயில் துடைத்திருந்தால், 803-க்கே உரிய ஏ.பி.எச்.எம். என்ற எழுத்துகளை முதல் நாளே படித்திருப்பேன். மறுபடியும் சொல்கிறேன், புத்தகத்தைத் திறக்கும் முன் பானெட்டைத் திறந்து தகட்டைப் படியுங்கள்.

சரியான புத்தகம் எங்கே கிடைத்தது தெரியுமா? அந்த வீட்டிலேயே கிடைத்தது. வீட்டின் மூத்த அம்மையார், “தம்பி, எங்க வாப்பா கொழும்புலேருந்து கொண்டாந்த பெட்டி ஒண்ணு மச்சுல கிடக்கு, அதுல காயிதம் இருக்கும்” என்றார். தகரப் பெட்டிக்குள் வண்டியின் கையேடு இருந்தது. ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால், நிழலில் இரண்டு நாள் வைத்து, பனையோலை நறுக்கை இடையில் விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கிரீஸ் விட வேண்டிய இடங்களைக் காட்டும் பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால், அரபு எழுத்தில் இரண்டு வரிகள். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அம்மையார் அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலமிருந்து இடமாக அரபுத் தமிழைப் படித்துக் காட்டினார்: “ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, ஓடினாலும் ஓடாட்டியும் கிரீஸ்.”

இதை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்ப உதவும் ட்ரனியன் என்ற மரை மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் விடச் சொன்னது அந்தக் கையேடு. அந்த மூட்டு வறண்டு தேய்ந்தால் சக்கரம் ஓட்டத்திலேயே மடிந்து விழுந்துவிடும். மாரிஸ் மைனரின் பெயர்போன ஆபத்து அது. ஆனால் இங்கிலாந்தில் எழுதியவர்கள் மைல் கணக்கு வைத்தார்கள். கீழக்கரையில் வண்டி ஒரு மைல்கூட ஓடாமல் நின்றாலும் உப்பு தன் வேலையைச் செய்கிறது என்பதை அம்மையாரின் வாப்பா கண்டு, நாள் கணக்காக மாற்றி எழுதிவைத்தார். அச்சிட்ட அளவுகளுக்கு அந்தக் கையேட்டை நம்பினேன். பராமரிப்புக்கு அந்தப் பென்சில் வரியை நம்பினேன். பழைய கையேடு கையில் கிடைத்தால் ஓரத்துக் குறிப்புகளை அழுக்கென்று அழித்துவிடாதீர்கள்.

சரி, வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் என்ன செய்வது? நம் நாட்டு வண்டிகள் பலவற்றுக்கும் வெளிநாட்டில் ஒரு தாய் வண்டி உண்டு. தொடக்க கால அம்பாசடருக்குத் தாய் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை; பிரீமியர் பத்மினிக்கு பியட் 1100; சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு டிரையம்ப் ஹெரால்டு. தாய் வண்டியின் மேனுவல் எளிதில் கிடைக்கும், விளக்கமும் நன்றாக இருக்கும். இங்கேயும் அதே எச்சரிக்கைதான்: 2014 வரை வந்த அம்பாசடரில் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 1489 சி.சி. இன்ஜினும் உண்டு, பின்னாளில் பொருத்திய இசுசு என்ற ஜப்பானிய கம்பெனியின் இன்ஜினும் உண்டு. ஆக்ஸ்போர்டு புத்தகம் இசுசுவுக்கு உதவாது. பாக் நீரிணைக்கு அக்கரையில் இலங்கையில் மாரிஸ் மைனரை இன்றும் பலர் ஓட்டுகிறார்கள். அங்கே உறவினர் உள்ளவர்கள் புத்தகம் கேட்டுப் பார்க்கலாம். என் தந்தையார் காலத்தில் சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் போனால் பழைய மேனுவல் கிடைத்தது. 1985-இல் அது எரிந்தபோது அவர் பட்ட வருத்தம் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது கணினியில் வரும் பிரதிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் குறைவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது, சுருக்கிக்கொள்கிறேன். மங்கலான பிரதியில் 3 என்பது 8 ஆகத் தெரியும். ஆகவே ஓர் அளவை இன்னொரு பக்கத்திலோ இன்னொரு புத்தகத்திலோ ஒத்துப் பார்க்காமல் போல்ட்டை முறுக்காதீர்கள். மடித்து வைத்த வயரிங் படம் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள். ஆயில் அளவு பைண்ட் கணக்கில் இருந்தால், புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்று பாருங்கள்: பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லிலிட்டர், அமெரிக்க பைண்ட் 473. ஏழு பைண்டில் ஏறத்தாழ 665 மில்லி வேறுபடும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும்; புத்தகத்தில் அதை உறுதி செய்துகொண்டே பேட்டரியை மாட்டுங்கள்.

பிரேக்குக்கு ஒரே ஒரு வார்த்தை. புத்தகம் சொல்லும் பிரேக் ஆயிலைத் தவிர வேறு எதையும், அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலை, பிரேக் ஆயில் கிண்ணத்தில் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் வாஷர்கள் ஊதிவிடும். யாராவது முன்பே ஊற்றியிருந்தால் ரப்பர் அனைத்தையும் மாற்றிய பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.