ஸ்கேனில் கோடு விழுந்ததும் "யூனிட் போச்சு" என்றால் நம்பாதீர்கள்!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு லேமினேஷன் ரோல் விலை பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வீடியோவில். இப்போது எனக்கு இருக்கும் கோபத்தையும் சந்தோஷத்தையும் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு எதுவும் வாயில் வராது. 6,800 ரூபாய். இந்தத் தொகையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

தருமபுரி பென்னாகரம் ரோட்டில் இருக்கும் நம் கடையையும், ஓரமாக நிற்கும் அந்தப் பழைய பெரிய மெஷினையும் பார்த்திருப்பீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கி, பெட்டி பிரித்து வீடியோ போட்டேனே, அதுதான். மேலே ஃபீடர் இருக்கிறது. தாள் கட்டை வைத்துப் பட்டனை அமுக்கினால் ஒவ்வொன்றாக இழுத்து ஸ்கேன் செய்து போடும். அது இல்லாமல் இந்தக் கடையை நடத்தவே முடியாது.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பத்திர நகல் கொண்டுவந்தார். புதுத் தாள், நல்ல கனம், கட்டாக இருந்தது. அதனால்தான் ஃபீடரில் விட்டேன். பழைய பத்திரத்தை ஃபீடரில் விடாதீர்கள் என்று நான் எத்தனை வீடியோவில் கத்தியிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும், அதில் மாற்றமில்லை. பிடிஎஃப் போட்டு அவர் போனுக்கு அனுப்பினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, என் பத்திரத்துல சர்வே நம்பர் பக்கத்துல ரெண்டுன்னுதான இருக்குது? இதுல இருபத்தொண்ணு மாதிரி காட்டுதே?"

பார்த்தால், பக்கத்தின் மேலிருந்து கீழ் வரை நூல் போல ஒரு கோடு. அது சரியாக உட்பிரிவு எண் 2-ஐ ஒட்டிப் போயிருக்கிறது. பெரிதாக்கினால் 2-க்குப் பக்கத்தில் ஒரு 1 நிற்கிறது. இது சும்மா விடக்கூடிய விஷயமா? உட்பிரிவு எண் மாறினால் நிலமே வேறு. பெரியவர் கவனித்தாரே, அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சர்வீஸ் ஆளுக்கு போட்டோ அனுப்பினேன். யார் என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். மெஷினை வந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்கேனர் யூனிட் போச்சுங்க, மாத்தணும், 6,800 ஆகும்" என்று பதில் வந்தது.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் விலை இல்லை. சரி, விலையும்தான். ஆனால் முக்கியமான காரணம், அவர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: "மேல் மூடியைத் திறந்து, பெரிய கண்ணாடியில் வைத்து எடுத்தாலும் இந்தக் கோடு வருகிறதா?"

நான் வைத்து எடுத்தேன். அதே தாள். கோடு இல்லை. சுத்தமாக இல்லை!

இங்கேதான் ஸ்கேனர் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய கண்ணாடியில் வைத்தால் தாள் அசையாது, அடியில் இருக்கும் விளக்கும் சென்சாரும் நகர்ந்துகொண்டே போய் வரி வரியாகப் படிக்கும். கண்ணாடியில் அழுக்கு இருந்தால் சென்சார் அதைக் கடக்கும் அந்த ஒரு கணம்தான் பார்க்கும், படத்தில் ஒரு புள்ளியாக விழும். ஃபீடரில் இது தலைகீழ். சென்சார் ஓரத்தில் இருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டைக்கு அடியில் போய் நின்றுகொள்ளும், தாள்தான் அதன் மேல் ஓடும். அந்தப் பட்டையில் ஒரு துளி அழுக்கு இருந்தால், தாளின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சென்சார் அந்த அழுக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். புள்ளி கோடாக நீண்டுவிடும். சென்சாரே போயிருந்தால் இரண்டு விதத்திலும் கோடு வர வேண்டும். பெரிய கண்ணாடியில் வரவில்லை என்றால் சென்சார் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். இதற்கு 6,800 ரூபாயா?

மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்தப் பட்டையைப் பார்த்தேன். நேராக அடித்தால் தெரியாது, பக்கவாட்டில் அடிக்க வேண்டும். இருந்தது! கேழ்வரகு மணியில் பாதிகூட இருக்காது. கைநாட்டு வைக்கிற ஸ்டாம்ப் பேட் மை, பசையோடு சேர்ந்து காய்ந்து ஒட்டியிருந்தது. கலரில் ஸ்கேன் செய்தபோது கோடு லேசாக நீலமாக வந்ததற்கும் அதுதான் காரணம். மை காயாத தாளை யாரோ கட்டுக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதாவது செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தேன். முதலில் போகவில்லை. நகத்தால் சுரண்டத் தோன்றும், சுரண்டாதீர்கள், கண்ணாடியில் கீறல் விழுந்தால் அதுவே நிரந்தரக் கோடாகிவிடும். ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே வைத்தேன், ஊறியது, அப்புறம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மறுபடி ஃபீடரில் விட்டேன். கோடு இல்லை. கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், டீ கொண்டுவந்த தம்பி உட்பட. செலவு பூஜ்ஜியம்!

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. துடைப்பதற்கு முன் மெஷினை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரவத்தைக் கண்ணாடி மேல் நேராக ஊற்றவே கூடாது, துணியில்தான். ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கமும் எடுக்கும் மெஷின் உங்களிடம் இருந்தால், ஃபீடருக்கு உள்ளே மேலே இன்னொரு சென்சாரும் இன்னொரு பட்டையும் இருக்கும். பின்பக்கப் படத்தில் மட்டும் கோடு வந்தால் அதைத் துடைக்க வேண்டும்.

இந்த ஒல்லிப் பட்டைக்குப் பின்னால் எத்தனை பேருடைய மூளை இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது. 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் மூன்று மாதக் குழந்தையின் போட்டோவைச் சுழலும் உருளையில் சுற்றிக் கணினிக்குள் ஏற்றினார். மொத்தமே 176-க்கு 176 புள்ளிகள், முப்பத்தோராயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைக்கு நாம் ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் கிட்டத்தட்ட 87 லட்சம் புள்ளிகள். 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்சைகையாக மாற்றும் சிசிடி சென்சாரைக் கண்டுபிடித்தார்கள், 2009-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1976-ல் ரே கர்ஸ்வைல் அந்தச் சென்சாரைத் தட்டையான ஸ்கேனரில் வைத்து, அச்சடித்த எழுத்தைப் பார்வையற்றவர்களுக்கு வாய்விட்டு வாசிக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கர்ஸ்வைல் கதைதான்.

இப்போது பிரிண்ட் பக்கம் வருவோம், ஏனென்றால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்து, பிரிண்டில் மட்டும் நெடுக வெள்ளைக் கோடு வந்தால்? அதுவும் தூசியாக இருக்கலாம், ஆனால் லேசர் வெளியே வரும் சின்னக் கண்ணாடியில். லேசர் பிரிண்டரில் ஒளி பட்ட இடத்தில்தான் டோனர், அதாவது மைத்தூள், ஒட்டும். டிரம் என்ற உருளையில் முதலில் மின்னேற்றம் ஏற்றுவார்கள், ஒளியைத் திருப்பி அடிக்கும், சுழலும் பல முகக் கண்ணாடி லேசரை வரி வரியாக அதன் மேல் இழுக்கும், பட்ட இடத்தில் மின்னேற்றம் இறங்கும், டோனர் அங்கே போய் உட்காரும். தூசி லேசரை மறைத்தால் அங்கே டோனர் வராது, தாள் வெள்ளையாகவே நிற்கும். தூசி அதேதான், ஸ்கேன் பட்டையில் இருந்தால் கறுப்புக் கோடு, லேசர் வழியில் இருந்தால் வெள்ளைக் கோடு. இதை எழுதி மெஷின் மேல் ஒட்டி வையுங்கள்.

அதே இடைவெளியில் திரும்பத் திரும்பப் புள்ளி விழுகிறதா? ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். உருளும் ஏதோ ஒன்றில் காயம் இருக்கிறது. டிரம்மின் விட்டம் 24 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 75 மி.மீ. புள்ளிகளுக்கு இடையே 75 வந்தால் டிரம். அளக்காமல் டோனர், டிரம், பிளேடு எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தச் சுழலும் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. செராக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதர்தான் லேசர் பிரிண்டரைச் செய்தவர். அவருடைய பிரிவில் யாரும் ஆதரிக்கவில்லை, 1971-ல் கலிபோர்னியாவில் இருந்த செராக்ஸின் பார்க் (PARC) ஆய்வகத்துக்கு மாறிப்போய்ச் செய்து காட்டினார். கண்ணாடியின் முகங்களில் ஒன்று துளி சாய்ந்திருந்தாலும் வரிகள் ஏறி இறங்கி விழும். அவ்வளவு துல்லியமாகக் கண்ணாடி செய்யப் பெரும் பணம் வேண்டும். அவர் ஓர் உருளை லென்ஸை வைத்து அந்தச் சாய்வைச் சரிசெய்தார், சாதாரணக் கண்ணாடியே போதும் என்றாகிவிட்டது. 1977-ல் விற்பனைக்கு வந்த செராக்ஸ் 9700 லேசர் பிரிண்டர் நிமிடத்துக்கு 120 பக்கம் அடித்தது. நம் கடை மெஷினை ஓட்டுபவர்களுக்கு அந்த வேகம் என்ன என்று புரியும்.

சரி, மறுபடி கோட்டுக்கு வருகிறேன். புது மெஷின்களில் பட்டையில் தூசி இருந்தால் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வசதி வந்துவிட்டது. சிலவற்றில் சென்சார் தூசி இருக்கும் இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று படிக்கும். இந்த இரண்டும் அருமையான கண்டுபிடிப்புகள். ஆனால் கோட்டை மென்பொருளே அழித்துத் தருவதும் இருக்கிறது, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பில், நோட்ஸ் என்றால் பரவாயில்லை. புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தை எடுக்கும்போது அதை ஆஃப் செய்துவிடுங்கள். அங்கே மெல்லிய கோடுதான் வயலின் எல்லை, அழுக்கு எது எல்லை எது என்று மென்பொருளுக்கு யார் சொல்வது?

நான் சும்மா பயப்படவில்லை. 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தார். மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தது, ஸ்கேனில் மூன்றும் 14.13 என்றே வந்தன. எழுத்து மங்கவில்லை, கோடு விழவில்லை, பளிச்சென்று தப்பான எண்! கோப்பின் அளவைக் குறைக்க, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒரு தடவை சேமித்து எல்லா இடத்திலும் அதையே ஒட்டும் ஜேபிக்2 என்ற சுருக்கும் முறைதான் காரணம். அந்த மெஷினைச் செய்த செராக்ஸ் நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. நம் பெரியவருக்கு வந்தது கோடு, கண்ணுக்குத் தெரிந்தது. இப்படி எண்ணே மாறினால் யாருக்குத் தெரியும்? அதனால் பட்டா, பத்திரம், மார்க் ஷீட் எது எடுத்தாலும் கோப்பை மிகச் சிறியதாக்கும் அமைப்பைப் போடாதீர்கள். 300 டிபிஐ, குறைவான சுருக்கம், கோப்பு பெரிதாக இருந்தால் இருக்கட்டும். எண்களை ஒரு தடவை அசலோடு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நான் இப்போது வாடிக்கையாளர் முன்னாலேயே சர்வே எண்ணைச் சத்தமாகப் படிக்கிறேன்.

போன வீடியோவுக்குக் கீழே கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், பைண்டிங் செய்த பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்தால் நடு மடிப்பில் மங்குகிறது என்று. உங்களுடையது சிஐஎஸ் வகை ஸ்கேனராக இருக்கும், மெலிதான, எடை குறைவான மெஷின் என்றால் பெரும்பாலும் அதுதான். தாள் கண்ணாடியை ஒட்டி இருந்தால்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும், மடிப்பில் தாள் எழும்பினால் மங்கிவிடும். லென்ஸும் கண்ணாடிகளும் வைத்த சிசிடி வகையில் கொஞ்சம் எழும்பினாலும் படிக்கும். பழைய சிசிடி மெஷின் கிடைத்தால் வாங்குங்கள், எடை அதிகம் என்று பார்க்காதீர்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தாளுக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டை ஒன்று வைத்து மூடியை மூடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். தாளின் நிறம் கொஞ்சம் கறுத்துத் தெரியும், பிரைட்னஸை லேசாக ஏற்றிக்கொள்ளுங்கள்.