அப்ரூவல் வரவில்லை

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் எலும்பு முறிவு மருத்துவன். ஆபரேஷனைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இன்றைக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் நடக்கிற ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். சிகிச்சைச் செலவைக் காப்பீட்டில் ஏற்றுக்கொள்கிறோம் என்று வருகிற ஒப்புதல் அது. ஆஸ்பத்திரியில் அதற்கு ‘அப்ரூவல்’ என்று பெயர்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு இளம்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடிப்படியில் வழுக்கி விழுந்து, கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மாமியார் மஞ்சப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். சீக்கிரமே வந்துவிட்டதால், வீக்கம் ஏறுவதற்குள் தகடு வைத்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அதற்குள் காப்பீட்டு கவுன்டரிலிருந்து போன் வந்தது. அட்டையில் பெண்ணின் பெயர் இல்லை.

ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் காப்பீட்டில் பெயர் சேர்ப்பார்கள். பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்கியாகிவிட்டது. புகுந்த வீட்டு கார்டில் இன்னும் சேர்க்கவில்லை. “ரெண்டு வீட்டுலயும் இல்லேன்னா, இந்தப் பிள்ளை யாரு வீட்டுப் பிள்ளைங்கய்யா?” என்று அந்த அம்மா கேட்டார். நான் என்ன சொல்ல?

பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், அட்டை இல்லாவிட்டாலும் அங்கே இலவசம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பயந்து போகவில்லை. மகன் தாலுகா ஆபீசுக்கும் இங்கேயுமாக இரண்டு நாள் அலைந்தார். அதற்குள் கால் வீங்கி, தோலில் கொப்புளம் கிளம்பிவிட்டது. அந்தத் தோலில் கத்தி வைத்தால் புண் ஆறாது. வீக்கம் வடிய ஒன்பது நாள் காத்திருந்தோம். செயினை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார்கள்.

இந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இன்றைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர் இதய ஆபரேஷன் செய்துகொண்டு நடந்து வீட்டுக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அட்டை கையில் இருப்பது வேறு, அப்ரூவல் வருவது வேறு. ஒரு ஆஸ்பத்திரி இதய சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கும், எலும்புக்கு இருக்காது. சில சிகிச்சைகள் அரசு ஆஸ்பத்திரியில் மட்டும்தான் என்று ஒதுக்கியிருப்பார்கள். சில நோய்கள் எந்தப் பேக்கேஜிலும், அதாவது காப்பீடு பணம் தருகிற எந்தச் சிகிச்சைத் தொகுப்பிலும், வராது. இதெல்லாம் போக, பெயரில் ஒரு இனிஷியல் மாறியிருக்கும், அல்லது எக்ஸ்ரே படம் மங்கலாக ஏறியிருக்கும். உடனே திரையில் ‘குவெரி’ என்று வந்து நிற்கும். குவெரி என்றால் கேள்வி, அவ்வளவுதான். பதில் அனுப்பினால் பல நேரம் அப்ரூவல் வந்துவிடும். ஆனால் வராண்டாவில் காத்திருப்பவர் காதில் அது ‘ரிஜெக்ட்’ என்றுதான் விழுகிறது. பேசாமல் ஆட்டோ பிடித்துப் போய்விடுகிறார்கள். பிறகு புத்தூர்க் கட்டு. ஆறு மாதம் கழித்துக் கோணலாகக் கூடிய காலோடு திரும்பி வருவார்கள்.

டாக்டர் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் எக்ஸ்ரே எனக்காக எடுத்தேன். இப்போது, அப்ரூவல் தருவதற்காக எங்கேயோ உட்கார்ந்து திரையில் பார்க்கும் இன்னொரு டாக்டருக்காகவும் எடுக்கிறேன். அவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்ததில்லை. எது எழுதினால் குவெரி வராது என்று என் கையே பழகிவிட்டது. அது நல்ல பழக்கமா என்பது எனக்கே சந்தேகம்தான். மறுத்தவர் முகம் நோயாளிக்குத் தெரியாது. அதனால் கோபமெல்லாம் என் மேல்தான். “காசு கறக்கத்தான் டாக்டர் இப்படிச் சொல்றார்” என்று என் காது படவே பேசியிருக்கிறார்கள். சரிபார்ப்பே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. செய்யாத ஆபரேஷனுக்குப் பில் போட்டவர்கள் நாட்டில் பிடிபட்டிருக்கிறார்களே! எங்கள் ஆட்கள் செய்த வினைதான் பாதி.

அதனால் நேயர்களே, கவுன்டரில் முடியாது என்று சொன்னால் எழுந்து போய்விடாதீர்கள். குவெரியா, ரிஜெக்ட்டா என்று கேளுங்கள். காரணத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடலாம். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் குறைதீர்க்கும் குழுவும் இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்ற ஒரே காரணத்துக்காக ஓய்வூதியரின் மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அப்புறம், வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தால் இந்த வாரமே ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பெண் ஆறு மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தாள். நன்றாக நடக்கிறாள். கார்டில் பெயர் ஏறிவிட்டது என்று மாமியார் மஞ்சப்பையைத் திறந்து காட்டினார். செயினைப் பற்றி நான் கேட்கவில்லை.

வணக்கம்.