டெக்சாஸில் தாக்குதல் வழக்கு: சமாதானம் எதுவரை செல்லும்?

நேயர்களுக்கு வணக்கம். டெக்சாஸில் வாழும் நம்மவர் வீட்டுச் சண்டையில் ஒருவர் கைதாகிவிட்டால், புகார் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற்றால் வழக்கு முடிந்துவிடும் என்றே உறவினர் பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு குடும்பத்தையே நிலைகுலைய வைக்கக்கூடும் என்பதால் இதைப் பேச வந்திருக்கிறேன்.

அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 22.01ஆம் பிரிவின்படி, உடனே அடிப்பதாக மிரட்டுவதும் தாக்குதல்தான். பெரும்பாலும் அதற்கு 500 டாலர் வரை அபராதம் மட்டுமே. உடற்காயம் விளைவித்தால் ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். காயம் என்றால் இரத்தம் வர வேண்டும் என்பதில்லை. பிடித்துத் தள்ளியதில் கை வலித்தது என்று காவலரிடம் சொன்னாலே, அந்த வலி சட்டத்தின் பார்வையில் காயமாகிவிடும். குடும்பத்தினரின் கழுத்தை நெரித்து மூச்சைத் தடுத்தால், முதல் முறையே ஆனாலும் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. கொடிய ஆயுதம் காட்டித் தாக்கினால் பொதுவாக 20 ஆண்டு வரை போகலாம்.

இந்தியாவில் சாதாரணக் காய வழக்கைக் காயமடைந்தவரே சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. டெக்சாஸிலோ வழக்கின் தலைப்பிலேயே வாதி டெக்சாஸ் மாநிலம்தான். வழக்கு நடத்த விருப்பமில்லை என்று மனைவி சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கலாம். அரசு வழக்கறிஞர் அதைக் கருத்தில் கொள்வார், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அவசரத் தொலைபேசி அழைப்பின் ஒலிப்பதிவும் காவலரின் சட்டைக் கேமராப் பதிவும் ஆதாரமாக அவரிடம் இருக்கும். வீட்டை அணுகக் கூடாது என்று நீதிபதி ஆணையிட்டிருந்தால், மனைவியே சாப்பிட அழைத்தாலும் கணவர் போகக் கூடாது. அந்த ஆணையை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு, தீர்ப்பை ஒத்திவைத்து நன்னடத்தைக் கண்காணிப்பில் விடும் ஏற்பாட்டை மாநிலச் சட்டம் தண்டனைத் தீர்ப்பாகக் கருதாவிட்டாலும், குடியேற்றச் சட்டம் அப்படியே கருதுகிறது. குடும்ப வன்முறைக் குற்றமானால் நாடு கடத்தல் வரை போகலாம். இந்த விளைவைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் பதில்லா (Padilla) என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பும் உங்கள் விசா நிலையை வழக்கறிஞரிடம் சொல்லி, அதன் விளைவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.