பெட்டி வரலையா? கவுண்டரை விட்டு நகராதீங்க: விமான நிறுவனம், இன்சூரன்ஸ் ரெண்டு பேர்கிட்டயும் புகாரை நிக்க வைக்கறது எப்படி?

[திரையில்: காலியாகச் சுற்றும் லக்கேஜ் பெல்ட்]

பெல்ட் சுத்திக்கிட்டே இருக்கு. கூட வந்தவங்க எல்லாரும் பெட்டியை எடுத்துட்டுப் போயாச்சு. உங்களோடது மட்டும் வரலை. அலுப்பு வேற. "போய்ச் சேர்ந்து மெயில் போட்டுக்கலாம்"னு கிளம்பிடறவங்கதான் அதிகம். அங்கயே புகாரோட பாதி பலம் போயிடுது.

விமான நிறுவனத்துகிட்ட மட்டும் இல்லை, பயண இன்சூரன்ஸ்கிட்டயும் போயிடுது. ரெண்டும் வேற வேற கம்பெனிதான். ஆனா ஒருத்தர் எழுதிக் கொடுக்கற பேப்பரைத்தான் இன்னொருத்தர் கேப்பாரு. அதனால ரெண்டு புகாரையும் ஒரே ஃபைலா நினைச்சுச் சேர்க்கணும்.

முதல்ல பெட்டி. சுங்கச் சோதனையைத் தாண்டறதுக்கு முன்னாடியே லக்கேஜ் கவுண்டர் இருக்கும். அங்க பி.ஐ.ஆர். பதியச் சொல்லுங்க. ப்ராப்பர்ட்டி இர்ரெகுலாரிட்டி ரிப்போர்ட்டுங்கறதோட சுருக்கம் அது. பதிஞ்சதும் பத்து எழுத்து-எண் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கும்: முதல் மூணு எழுத்து விமான நிலையம், அடுத்த ரெண்டு விமான நிறுவனம், கடைசி அஞ்சும் எண். இதை வெச்சுத்தான் உலகம் முழுக்கப் பெட்டியைத் தேடுவாங்க. போர்டிங் பாஸ் பின்னாடி ஒட்டின லக்கேஜ் டேக் துண்டை அவங்க கேட்டா, முதல்ல போட்டோ எடுத்துட்டு அப்புறமா கொடுங்க. அந்தச் சின்னத் துண்டு தொலைஞ்சா, பெட்டியை ஒப்படைச்சதையே நிரூபிக்கத் திண்டாடணும்.

பி.ஐ.ஆர். போட்டாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. அது தேடறதுக்கான பதிவு. இழப்பீடு கேக்கற கடிதத்தைத் தனியா அனுப்பறதுதான் பாதுகாப்பு.

[திரையில்: 7 நாள் – 21 நாள் – 2 வருஷம்]

நாடு விட்டு நாடு போற பயணம்னா, பெரும்பாலும் 1999-ல கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம்தான் சட்டம். 2003 நவம்பர்ல அமலுக்கு வந்தது. இப்போ 130-க்கும் மேற்பட்ட நாடுகள் அதுல இருக்கு. பெட்டி உடைஞ்சு வந்திருந்தா, கையில வாங்கின நாள்லேர்ந்து 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும். தாமதமா வந்திருந்தா, பெட்டி உங்ககிட்ட வந்த நாள்லேர்ந்து 21 நாள். எந்தப் புகாரும் சொல்லாம பெட்டியை வாங்கிட்டா, நல்ல நிலையில வாங்கினதாத்தான் சட்டம் எடுத்துக்கும். கெடு தாண்டிட்டா, அந்த நிறுவனம் மோசடி பண்ணியிருந்தா ஒழிய வழக்கே போட முடியாது. ஒரு வசதி என்னன்னா, கெடுவுக்குள்ள நீங்க அனுப்பியிருந்தாலே போதும். அதனால அனுப்பின தேதிக்கு ஆதாரம் வேணும். அவங்க வெப்சைட் படிவத்துல நிரப்பினா, 'சமர்ப்பி'ன்னு அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கிரீன்ஷாட், அழுத்தினதுக்கு அப்புறம் ஒரு ஸ்கிரீன்ஷாட். பல படிவங்கள் நீங்க எழுதினதோட நகலை உங்களுக்கு அனுப்பவே அனுப்பாது.

வர வேண்டிய நாள்லேர்ந்து 21 நாள் ஆகியும் பெட்டி வரலைன்னா, தொலைஞ்சு போச்சுன்னு வெச்சே இழப்பீடு கேக்கலாம். "இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்"னு மாசக்கணக்குல இழுத்தா, இந்த 21 நாளைச் சொல்லிக் கடிதம் எழுதுங்க.

எவ்வளவு கிடைக்கும்? உச்சவரம்பு எஸ்.டி.ஆர்.னு ஒரு கணக்குல இருக்கு. சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு அது, மதிப்பு தினமும் மாறும். 2024 டிசம்பர் 28-லேர்ந்து பெட்டிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., பயணி தாமதமானதால வர்ற நஷ்டத்துக்கு 6,303 எஸ்.டி.ஆர். பெட்டிக்கான வரம்பு ஒரு பயணிக்குத்தான். மூணு பெட்டி போட்டாலும் அதே தொகை. இன்னொண்ணு, 1,519 வரம்புதானே தவிர அப்படியே தூக்கிக் கொடுக்கற பரிசு கிடையாது. உள்ள என்ன இருந்தது, எப்போ வாங்கினது, என்ன விலைன்னு பட்டியல் போடணும். பில் இல்லைன்னா வங்கிக் கணக்குல வாங்கினது தெரியற வரி, இல்லைன்னா அந்தப் பொருளோட பழைய போட்டோ. பெட்டியைப் பூட்டறதுக்கு முன்னாடி திறந்து வெச்சு ஒரு போட்டோ எடுத்துட்டா பின்னாடி எவ்வளவோ வேலை மிச்சம். வரம்பைத் தாண்டற பொருளா இருந்தா செக்-இன்லயே மதிப்பைத் தனியா அறிவிக்கலாம், அதுக்குக் கட்டணம் கேக்கலாம். இந்த வசதி இருக்கறது கவுண்டர்ல உக்காந்திருக்கற பலருக்கே தெரியாதுங்கறது வேற விஷயம்.

நடுவுல விமானம் மாறியிருந்தா "எங்க பகுதியில தொலையலை"ன்னு ரெண்டு நிறுவனமும் பந்தை மாத்தி மாத்தி உருட்டும். ஒப்பந்தத்தோட 36-வது பிரிவுல இதுக்குப் பதில் இருக்கு. பெட்டி விஷயத்துல முதல் நிறுவனத்துகிட்ட கேக்கலாம், கடைசி நிறுவனத்துகிட்ட கேக்கலாம், எந்தப் பகுதியில தொலைஞ்சதோ அந்த நிறுவனத்துகிட்டயும் கேக்கலாம். தொலைச்சது யாருன்னு கண்டுபிடிக்கறது உங்க வேலை இல்லை. பி.ஐ.ஆர். போட்ட கடைசி நிறுவனத்துக்கே எழுதி, இந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்க. உருட்டல் பெரும்பாலும் அங்க நிக்கும்.

[திரையில்: ஒரே கடிதம், ரெண்டு கிளெய்ம்]

அடுத்தது தாமதம். இங்கதான் அந்த 'ஒரே ஃபைல்' விஷயம் தெளிவாத் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்துல 2004-ல வந்த 261-ஆம் எண் விதியை எடுத்துக்குவோம். அங்கேர்ந்து கிளம்பற எந்த விமானத்துக்கும், ஒன்றியத்தோட நிறுவனம் ஓட்டினா அங்க போய்ச் சேர்ற விமானத்துக்கும் இது பொருந்தும். மூணு மணி நேரத்துக்குக் குறையாத தாமதம்னா, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோன்னு நிலையான இழப்பீடு. அந்த மூணு மணி நேரம் சக்கரம் தரையைத் தொட்டதும் முடியாது. விமானத்தோட ஒரு கதவாவது திறந்து பயணிகளை இறங்க விடற நேரம்தான் கணக்குன்னு 2014-ல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கு. 2 மணி 50 நிமிஷத்துல தரை இறங்கி, 15 நிமிஷம் உள்ளயே உக்கார வெச்சிருந்தா, நீங்க கோட்டைத் தாண்டியாச்சு. கதவு திறக்கும்போது போன்ல மணி தெரியற மாதிரி ஒரு போட்டோ போதும்.

ஆனா 'அசாதாரணச் சூழ்நிலை'ன்னா நிறுவனம் பணம் தர வேண்டாம். மோசமான வானிலை அதுல வரும். சாதாரணமா வர்ற இயந்திரக் கோளாறு வராதுன்னு 2008-லயே தீர்ப்பு இருக்கு. அதனால காரணம் என்னங்கறதுதான் பணம். இங்க நிறுவனங்கள் ரொம்ப இஷ்டப்பட்டு எழுதற வார்த்தை ஒண்ணு உண்டு: "செயல்பாட்டுக் காரணங்கள்."

அந்த வார்த்தை உங்களை ரெண்டு பக்கமும் அடிக்கும். ஏன்னா இன்சூரன்ஸ் பாலிசியில தாமதத்துக்குப் பணம் தர்ற காரணங்களைப் பெரும்பாலும் பட்டியலாவே போட்டிருப்பாங்க: வானிலை, இயந்திரக் கோளாறு, வேலைநிறுத்தம். 'செயல்பாட்டுக் காரணம்' அந்தப் பட்டியல்ல இருக்காது. கிளெய்ம் அப்படியே திரும்பி வந்துடும். அதனால தாமதத்தை உறுதிப்படுத்தி விமான நிறுவனம் தர்ற கடிதத்தை மொட்டையா வாங்கிட்டு வராதீங்க. விமான எண், தேதி, கிளம்ப வேண்டிய நேரம், கிளம்பின நேரம், போய்ச் சேர்ந்த நேரம், குறிப்பான காரணம், இத்தனையும் அதுல இருக்கணும். இயந்திரக் கோளாறுன்னு எழுதினா விமான நிறுவனத்துகிட்ட இழப்பீடு கேக்க வழி இருக்கு. வானிலைன்னு எழுதினா அந்த இழப்பீடு போச்சு, ஆனா இன்சூரன்ஸ் பட்டியல்ல வானிலை இருந்தா அங்க கிடைக்கும். எதுவும் எழுதலைன்னாதான் ரெண்டும் போகும்.

பாலிசியில தாமதத்தை எங்கேர்ந்து எண்ணறாங்கன்னும் பாருங்க. சிலதுல கிளம்பற நேரம், சிலதுல போய்ச் சேர்ற நேரம். ஆறு மணி நேரம்னு போட்டிருக்கும், அஞ்சே முக்காலுக்கு ஒண்ணும் வராது.

[திரையில்: நஷ்டம் 1,000 → விமான நிறுவனம் 600 → எக்ஸஸ் 100 → இன்சூரன்ஸ் 300]

பெட்டி நஷ்டத்துக்கு ரெண்டு இடத்துலயும் முழுப் பணம் வாங்க முடியுமா? முடியாது. நஷ்டத்தை ஈடு கட்டறதுதான் இன்சூரன்ஸ், அதுல லாபம் பார்க்க விடாது. நஷ்டம் 1,000 டாலர், விமான நிறுவனம் 600 கொடுத்துடுச்சுன்னா மீதி 400-ஐத்தான் பார்க்கும். அதுலயும் நீங்க ஏத்துக்க வேண்டிய பங்கு, அதாவது எக்ஸஸ், 100 இருந்தா கைக்கு வர்றது 300. அதனாலதான் முதல்ல விமான நிறுவனத்தோட முடிவைக் கொண்டு வாங்கன்னு சொல்லுவாங்க. அதுக்காக அந்த முடிவு வர்ற வரைக்கும் இன்சூரன்ஸுக்குச் சொல்லாம இருக்காதீங்க. சம்பவத்தைத் தெரிவிக்கறதுக்குத் தனிக் கெடு இருக்கும். இன்னிக்கே தெரிவிச்சு கிளெய்ம் எண்ணை வாங்கிடுங்க, பேப்பர் பின்னாடி போகட்டும்.

இதுல ஒரு பொறி. விமான நிறுவனம் சின்னத் தொகையை நீட்டி, "முழுமையான இறுதித் தீர்வா ஏத்துக்கறேன்"னு ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேக்கும். உங்களுக்குப் பணம் கொடுத்த இன்சூரன்ஸுக்கு, உங்க இடத்துல நின்னு அந்த நிறுவனத்துகிட்ட வசூல் பண்ற உரிமை உண்டு. நீங்க கையெழுத்துப் போட்டு அதை அடைச்சுட்டா, மீதியைத் தர இன்சூரன்ஸ் மறுக்கலாம். கையெழுத்துக்கு முன்னாடி இன்சூரன்ஸ்கிட்ட எழுத்துல கேளுங்க.

வெளிநாட்டுல ஆஸ்பத்திரின்னா, அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியோ, முடியலைன்னா ஆன உடனேயோ பாலிசியில இருக்கற உதவி எண்ணைக் கூப்பிடணும். நீங்களே பணத்தைக் கட்டிட்டு வந்தா, "அனுமதி வாங்கலை"ங்கற ஒரு வரியைக் காட்டித் தொகையைக் குறைப்பாங்க. அதை விட அதிகமா கிளெய்மைச் சாய்க்கறது கேஸ் ஷீட். வயித்து வலின்னு போயிருப்பீங்க. டாக்டர் கேக்கும்போது யாரோ "ரொம்ப நாளா இப்படித்தான்"னு சொல்லியிருப்பாங்க. அதை அவர் எழுதிடுவார். ஏற்கெனவே இருந்த நோய்னு கிளெய்ம் நிராகரிப்பு. டிஸ்சார்ஜ் ஆகறப்போ அந்தக் குறிப்பைப் படிங்க, தப்பா எழுதியிருந்தா அங்கயே திருத்தச் சொல்லுங்க. உண்மையிலேயே இருந்த நோயை பாலிசி எடுக்கும்போது மறைச்சிருந்தா மட்டும் எந்தத் திருத்தமும் காப்பாத்தாது.

உடம்பு சரியில்லாம பயணத்தையே ரத்து பண்றதா இருந்தா, முதல்ல டாக்டரைப் பாருங்க, "பயணம் செய்யத் தகுதி இல்லை"ன்னு தேதியோட எழுதி வாங்குங்க, உடனே ரத்து பண்ணுங்க. நாளுக்கு நாள் ரத்துக் கட்டணம் ஏறும். போக முடியாதுன்னு தெரிஞ்ச நாள்ல என்ன கட்டணமோ அதுக்கு மேல பல பாலிசிகள் தராது.

[திரையில்: "ஏஜென்ட்டைக் கேளுங்க" ⇄ "ஏர்லைனைக் கேளுங்க"]

இனி ரீஃபண்ட். முன்பதிவு வெப்சைட்ல டிக்கெட் போட்டிருந்தா, இந்தப் பிங்-பாங்தான் பெரிய தலைவலி. விமான நிறுவனத்துகிட்ட பொதுவா "பணம் எப்போ வரும்"னு கேட்டா, பொதுவான பதில்தான் வரும். 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைக் கொடுத்து, "இந்த டிக்கெட்டோட நிலை என்ன, திறந்திருக்கா, ரீஃபண்ட் ஆயிடுச்சா, ஆயிருந்தா எந்தத் தேதியில யாருக்கு?"ன்னு கேளுங்க. ஏஜென்ட்டுக்கு அனுப்பியாச்சுன்னு தேதியோட மெயில்ல பதில் வந்துட்டா, அதை அப்படியே ஏஜென்ட்டுக்குத் திருப்பி விடுங்க. "கார்டுக்கு அனுப்பிட்டோம்"னு அவங்க சொன்னா, ஏ.ஆர்.என்.னு 23 இலக்க எண் ஒண்ணு இருக்கும், அதைக் கேளுங்க. உங்க வங்கி அதை வெச்சுப் பணம் எங்க நிக்குதுன்னு பார்க்கும். அந்த எண்ணைத் தர முடியலைன்னா, இன்னும் அனுப்பவே இல்லைன்னு சந்தேகப்படலாம்.

வவுச்சர் வேணுமான்னு கேட்டு வர்ற மெயில்ல பட்டன் பெரிசா, பளிச்சுனு இருக்கும். பணம் வேணும்னா அதைத் தொடாதீங்க. மேல சொன்ன ஐரோப்பிய விதியில, பயணி கையெழுத்துப் போட்டுச் சம்மதிச்சாத்தான் பணத்துக்குப் பதிலா வவுச்சர் தரலாம். கிளிக் பண்ணிட்டா, நீங்களே கேட்டு வாங்கினதா வாதாடுவாங்க. கார்டுல கட்டின பணம்னா, சேவையே கிடைக்கலைன்னு வங்கி வழியா சார்ஜ்பேக், அதாவது கட்டின பணத்தைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லிக் கேக்கலாம். பெரும்பாலும் 120 நாள் கெடு, அதனால நிறுவனத்தோட இனிமையான பதில்களுக்குக் காத்திருந்து அதைத் தவற விட்டுடாதீங்க.

புகார் கடிதம் ஒரு பக்கம் போதும். முதல் வரியில பாலிசி அல்லது டிக்கெட் எண், கிளெய்ம் எண். அப்புறம் தேதி, நேரத்தோட நடந்தது. அப்புறம் எவ்வளவு தொகை, எந்த விதிப்படி, எந்தத் தேதிக்குள்ள. பணிப்பெண் சிரிக்கலை, சாப்பாடு ஆறிப் போச்சுங்கறதை எல்லாம் இதுல சேர்த்தா, "சேவைக் குறைபாட்டுக்கு வருந்துகிறோம்"னு அதுக்கு மட்டும் பதில் வரும், பணம் கேட்ட வரி காணாமப் போயிடும். போன்ல பேசினா, வெச்ச உடனே மெயில்: "இன்னிக்கு இத்தனை மணிக்குப் பேசினப்போ நீங்க சொன்னது இது." மறுத்துப் பதில் வரலைன்னா அதுவே ஒரு ஆவணம்.

இன்சூரன்ஸ் நிராகரிச்சா, எந்தப் பிரிவு, எந்த வாசகம்னு எழுத்துல கேளுங்க. வாங்கின அன்னிக்கு இருந்த பாலிசி வாசகத்தோட ஒப்பிடுங்க. வெப்சைட்ல இப்போ இருக்கறது புதுப் பதிப்பா இருக்கலாம். வாசகம் ரெண்டு அர்த்தம் தர்ற மாதிரி இருந்தா, எழுதினவருக்கு எதிராவே அர்த்தம் எடுக்கறது பல நாட்டு நீதிமன்றங்கள்ல பழைய வழக்கம். அதுக்கும் அசையலைன்னா "இதுவே எங்கள் இறுதி முடிவு"ன்னு எழுதி வாங்குங்க. குறைதீர்ப்பாளரோ நுகர்வோர் அமைப்போ பெரும்பாலும் முதல்ல கேக்கறது அந்தக் கடிதத்தைத்தான்.

மான்ட்ரியல் ஒப்பந்தத்தைப் பத்திப் பேசறப்போ திரையில 2 வருஷம்னு காட்டினோம் இல்லையா, அது வழக்குப் போடறதுக்கான கெடு, அது விமானம் போய்ச் சேர்ந்த, இல்லைன்னா சேர வேண்டிய நாள்லேர்ந்து ஓடுது. மெயில் போக்குவரத்து நடக்குதேன்னு அது நிக்காது. 23-வது மாசத்துல "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது"ன்னு பதில் வந்தா, அன்னிக்கே வக்கீலைப் பாருங்க.